மூக்குக்கு முன் சீட்டு

ஆசிரியரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். கேலிக்கு வைத்த பெயர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நகல் கடையில் டைப் அடிக்கிறவள். கடை விட்டு வந்ததும் சமையல் மேடைக்குப் பக்கத்தில் மடக்கு மேசையை விரித்து, பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் இணையதளம் நடத்தினாள். பேருந்து கம்பெனியின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பட்டறைக்காரர்களும் படிப்பதற்கென்று ஒரு தளம். பத்திரிகை என்று ஒன்று இருந்தால் ஆசிரியர் வேண்டாமா? நாளாக ஆகக் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பணிமனை வாசலில் காய்கறி விற்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் புருஷன் அந்தக் கம்பெனியில் ஓட்டுநர். கூடவே இருந்த நாத்தனாருக்கும் அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை. கழுத்து அட்டையை வீட்டுக்கு வந்தும் கழற்றாத ரகம். அண்ணியின் தளத்தைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

"படம் இல்ல, கலர் இல்ல. எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு எண்ணிக்கைகூட இல்ல. இதுக்குப் போய் இப்படி உயிரை விடுறீங்களே அண்ணி!"

"எண்ணினா, யார் வந்தாங்கன்னு குறிச்சு வைக்கணும். குறிச்சு வச்சா, என்னைக்காவது எவனாவது கேப்பான்" என்பாள் ஆசிரியரம்மா.

"ஆமா, உங்க தளத்தைத் தேடிக்கிட்டு ராணுவம் வரப்போகுது பாருங்க!"

சும்மா இல்லை, அவளுக்கு இந்தப் புத்தி பட்டுத்தான் வந்தது. முன்பு இவர்களும் எல்லோரையும் போல ஒரு பெரிய வலைத்தளத்தில் குழு வைத்திருந்தவர்கள்தான். அதில் ஓர் ஓட்டுநர், தன் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதினார். குழுவில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதை அப்படியே படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். மறுநாள் அந்த மனிதரை வண்டியிலிருந்து இறக்கி, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுத வைத்தார்கள். வண்டி அதே பிரேக்கோடு ரோட்டில் ஓடியது. நல்ல நியாயம்! அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் வீட்டுப் பாத்திரம் ஒன்றுகூட நெளியாமல் தப்பவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தாள். இணையத்தில் நல்ல மனசுக்காரர்கள் இலவசமாக எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்து, தப்பும் தவறுமாகக் கட்டி, இடித்து, மறுபடி கட்டினாள். சொந்தமாக ஒரு முகவரி வாங்கினாள், இணையத்தில் சின்னதாக இடம் வாடகைக்கு எடுத்தாள். விளம்பரம் கிடையாது. படிக்கப் பெயர் கொடுக்க வேண்டாம். வந்துபோகிறவர்களின் தடத்தைத் தானாகக் குறித்து வைக்கும் வசதியைத் தேடிப் பிடித்து முதல் வேலையாக நிறுத்தினாள். செய்தி அனுப்ப ஒரு பக்கம். அதற்குப் பெட்டி என்று பெயர். பெட்டியில் யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டது யார் என்று அவளுக்கே தெரியாது. படித்து முடித்ததும் அதையும் அழித்துவிடுவாள்.

இன்னொரு வேலையும் உண்டு. அதை அவள் இஸ்திரி போடுவது என்பாள். எழுத்தில் ஆளின் முகம் தெரியும். பட்டறைக்காரர் ஒருவர் எதை எழுதினாலும் "மேற்படி" போடுவார். ஒரு நடத்துநருக்கு வரிக்கு வரி "என்ன செய்யறது" வந்துவிடும். இந்தச் சுருக்கத்தையெல்லாம் நீவி எடுத்து, மொத்தத்தையும் தன் நடையில் திருப்பி எழுதித்தான் வெளியிடுவாள். யார் எழுதினாலும் ஒரே ஆள் எழுதினது போல இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, தப்பில்லை.

அந்தக் கர்வத்துக்குத்தான் சோதனை வந்தது.

கம்பெனி, ஓட்டுநர்களின் போனில் ஒரு செயலியைப் போடச் சொல்லியிருந்தது. யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று பார்ப்பதற்காம். ஒருநாள் பெட்டியில் தலைமை அலுவலகத்தின் உள் குறிப்பு ஒன்று, அனுப்பியவர் எழுதிய நாலு வரியோடு வந்து விழுந்தது. விடுமுறை நாளிலும் அந்தச் செயலி ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இதை ஓட்டுநர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றது குறிப்பு. ஆசிரியரம்மா அவசரப்படவில்லை. புருஷனின் போனை வாங்கி நோண்டிப் பார்த்தாள். முந்தின வாரம் அவன் பல் பிடுங்கப் போனது, மச்சான் வீட்டில் தூங்கினது எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. இரண்டு ஓட்டுநர்களின் போனையும் பார்த்தாள். அதே கதைதான்.

வெளியிட்டாள். பணிமனை கொதித்துப் போனது. ஓட்டுநர்கள் பரணிலும் அலமாரியிலும் கிடந்த பழைய பொத்தான் போன்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் எந்தச் செயலியைப் போடுவது? கம்பெனி கையைப் பிசைந்தது. ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் செயலியை அணைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஒட்டியது. ஒட்டின கையோடு, குறிப்பை வெளியே கொடுத்தவன் யார் என்று தேடவும் ஆரம்பித்தது.

மேலாளர் புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்துக் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர், ஓரத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், நரைத்த மீசையோடு, வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் மேலாளர், குரலில் தேன் ஒழுக. "நல்லா எழுதறீங்க. அதுல ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது." அச்சடித்த தாளை எடுத்துப் படித்தார். "'கம்பெனி நம்ம வீட்டுக்குள்ள தன் மூக்குக்கு முன் சீட்டு போட்டிருக்கு.' ஆஹா! இதை நான் எங்கேயோ கேட்டிருக்கேனேன்னு மண்டையைக் குடைஞ்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உங்க மாமனார் நம்ம கம்பெனியில கண்டக்டரா இருந்தவர். நான் அப்ப டிப்போவுல சூப்பர்வைசர். ஒட்டுக் கேக்கறவன், எட்டிப் பாக்கறவன், யாரா இருந்தாலும் அந்த மனுஷன் இப்படித்தான் திட்டுவார். என்னையே திட்டியிருக்கார்!"

ஆசிரியரம்மா அந்தத் தாளை உற்றுப் பார்த்தாள். ஊரார் சுருக்கத்தையெல்லாம் நீவினவள், இதை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள்? அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து தினமும் காதில் விழுகிற பேச்சு அது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் மூக்குக்கு முன் சீட்டு. பூனை பாத்திரத்தை முகர்ந்தால்கூட அதுதான். தன் வீட்டுச் சுருக்கம் அவள் கண்ணுக்குச் சுருக்கமாகவே தெரியவில்லை.

"குறிப்பைக் கொடுத்தது உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார் மேலாளர். "அவர் பேரைச் சொல்லிட்டா மன்னிப்பு எழுதி வாங்கிட்டு விட்டுடறேன். இல்லேன்னா வேலையை விட்டே அனுப்ப வேண்டி வரும்."

புருஷன் இல்லை, அது அவளுக்கு நிச்சயம். அவனுக்கு இரண்டு வரி டைப் அடிக்க வேண்டும் என்றாலும், "ஏம்மா, இந்த எழுத்து எங்க இருக்கு?" என்று கத்துவான். தலைமை அலுவலகத்துப் பக்கமே போகாதவன். இதை இரண்டே வார்த்தையில் சொல்லி அவனை வெளியே இழுத்துவிடலாம். வாயைத் திறக்கப் போனவள் சட்டென்று மூடிக்கொண்டாள். அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் வீட்டில் மூன்றே பேர். தான் எழுதவில்லை. புருஷன் இல்லை என்று நிரூபித்தால் மேலாளரின் விரல் அடுத்த ஆளைத்தானே காட்டும்? தலைமை அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆளை.

அட, கழுத்து அட்டைக்காரி! அவளா? அவளேதான். நெஞ்சு முழுக்க ஒரு பெருமிதம் பொங்கியது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

ஆசிரியரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எங்க வீட்டு வரிதான் சார். அந்தத் தளத்துல யார் எது அனுப்பினாலும் ஒவ்வொரு வரியையும் நான்தான் திருப்பி எழுதறேன். நான் அந்த வீட்டு மருமக. என் வாயில வேற எது வரும்? அந்த வரிக்கு யாரையாவது பிடிக்கணும்னா என்னைப் பிடிங்க. நான் உங்ககிட்ட வேலை பாக்கல, என்னை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது."

"குறிப்பு எப்படி வந்தது?"

"பெட்டியில வந்தது. அனுப்பினவங்க பேர் சொல்லல, நான் கேக்கல, மிஷினும் எழுதி வைக்கல. என்கிட்ட பேர் இல்ல."

மேலாளர் புருஷன் பக்கம் திரும்பினார். தேன் வற்றிப் போயிருந்தது. "என்னப்பா, வேலை வேணுமா வேண்டாமா? பொண்டாட்டிகிட்ட சொல்லு."

அவன் பாவம், பேச்சில் புலி இல்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ இல்லேன்னா இல்லைதான் சார். எங்க வீட்டுல கணக்கு வழக்கு, ஆதாரம், நியாயம் எல்லாம் அவதான். நான் வெறும் டிரைவர். வேலையை எடுத்தா எடுத்துக்குங்க, அவ வார்த்தையை எடுக்க முடியாது."

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவன் அவளைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள்.

மேலாளர் கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைப் பார்த்து உறுமினார். "நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

அவர் மீசையைத் தடவினார். "இடம் வாடகைக்கு விட்டவங்ககிட்ட கேட்டோம் சார். முதல் நாளே எல்லாப் பதிவையும் இந்த அம்மா நிறுத்தி வச்சிருக்காங்களாம். அழிச்சிருந்தா தோண்டிப் பாக்கலாம். எழுதவே இல்லையே, எதைத் தோண்டறது? நம்ம கம்பெனிக்கே இவ்வளவு சுத்தமா நான் கட்டிக் கொடுக்கல சார். இதுக்கு மேல இவங்க வீட்டுக்குள்ள போய்த் தேடினா, நம்ம மூக்குக்கு நாமளே முன் சீட்டு போட்ட மாதிரி ஆயிடும்."

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார்.

"யோவ், நீ எங்கய்யா கத்துக்கிட்ட அதை?" என்றார் மேலாளர்.

"எதை சார்? ஓ, இதுவா? எல்லாரும்தான் சொல்றாங்க. கேன்டீன்ல, கேட்ல. நேத்து என் சம்சாரம்கூட என்னைச் சொன்னா."

மேலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஊரே பேசுகிற பேச்சை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? "போங்க, போங்க" என்றார். "மறுபடி கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். படி இறங்கும்போது புருஷன், "ஆசிரியரம்மா, கால் நடுங்குது எனக்கு" என்றான். "எனக்கும்தான், கையைப் பிடிங்க" என்றாள் அவள்.

சாயங்காலம் நாத்தனார் அலுவலகம் விட்டு வந்தாள். நேராக அடுக்களைக்கு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"அண்ணி, அண்ணனை வேலையை விட்டு எடுப்பேன்னு சொன்னாராமே? எனக்கு இன்னைக்குச் சோறே இறங்கல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம்."

"இல்ல அண்ணி, அந்தக் குறிப்பு..."

"வாயை மூடுடி!" ஆசிரியரம்மா கரண்டியை ஓங்கினாள். நாத்தனார் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "இன்னைக்கு அந்த ஆள் முன்னாடி நான் சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. நாளைக்கும் கூப்பிடுவான். அதே வாயால, நெஞ்சை நிமித்தி, என்கிட்ட பேர் இல்லேன்னு சொல்லணும். நீ இப்ப எதையாவது உளறி வச்சா அது பொய்யாயிடும். எனக்குப் பொய் சொல்ல வராது, மாட்டிக்குவேன். நானா நினைச்சுக்கறது வேற, என்கிட்ட வந்து சொல்றது வேற. புரியுதா?"

"அப்ப நான் எப்படித்தான் அண்ணி..." நாத்தனார் கையிலிருந்த அட்டையைப் பிசைந்தாள். "மனசுல இருக்கறதை எங்க போய்ச் சொல்றது?"

"ஊருக்கே ஒரு பெட்டி வச்சிருக்கேன். உனக்கு மட்டும் இல்லேன்னா சொன்னேன்? போ, போய் முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

மறுநாள் காலையில், கடைக்குக் கிளம்புமுன் ஆசிரியரம்மா பெட்டியைத் திறந்தாள். டயர் தேய்ந்த வண்டியைப் பற்றி ஒன்று, ஓய்வறைக் குழாயைப் பற்றி ஒன்று வந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அனுப்பியவர் பெயர் இல்லாமல்.

'ஆபீஸ்ல இன்னைக்கு எல்லாரும் இந்தத் தளத்தைப் பத்தித்தான் பேசறாங்க. அந்த ஆசிரியரம்மா தைரியசாலின்னு சொல்றாங்க. அது எங்க அண்ணிதான்னு மேசை மேல ஏறி நின்னு கத்தணும் போல இருக்கு. முடியல. இத்தனை நாள் நான் கிண்டல் பண்ணினதை எல்லாம் மறந்துடுங்க. உங்களை மாதிரி ஒருத்தி எங்க வீட்டுக்கு வந்ததுக்கு நாங்கதான் கொடுத்து வச்சவங்க.'

பெயர் போடாமல் எழுதச் சொன்னால் இப்படியா எழுதுவது? ஆசிரியரம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் இறங்கி மேசையில் சொட்டியது. இன்னொரு தடவை படித்தாள். எங்காவது எடுத்து எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆயிரம் பேர் நம்பிப் போடுகிற பெட்டி, தனக்கென்று ஒரு சட்டமா என்று தன்னையே அதட்டிக்கொண்டு அழித்தாள்.

புருஷன் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என்னம்மா, அழறியா? யாரு என்ன எழுதியிருக்காங்க?"

"யாரோ ஒரு வாசகர்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் ஆசிரியரம்மா. "பேர் போடல. ஆனா நல்ல இடத்துப் பிள்ளை."