நழுவ வேண்டிய இடம்

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் பட்டறையை நடத்தும் அப்பா. உதிரிபாகக் கவுண்டரைக் கவனிக்கும் அம்மா. கடைசல் வேலை பார்க்கும் அண்ணன். பெட்ரோல் டேங்குகளுக்கு வண்ணம் அடிக்கும் சித்தப்பா. பந்தயத்தில் வண்டி ஓட்டும் சின்னவள். இவர்கள் ஐந்து பேர்தான். வேறு யாரும் அங்கே இல்லை.

மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் மூன்று கிளட்ச்சுகள் இருந்தன. மூன்றும் வண்டிக் கம்பெனி போடாதவை, வெளியே தனியாக விற்பவை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்தய வண்டிக்கு எந்த முக்கியமான பாகம் வாங்கினாலும் அது இளையவர் கையிலிருந்து தொடங்கி மூத்தவர் கைவரை போக வேண்டும். அப்பா கைக்குப் போய்ச் சேரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்று மூன்றாவது கிளட்ச் அவர் கைக்கு வந்ததும் அவரே தொடங்கினார்.

"நழுவுற கிளட்ச். அதை நம்ம வண்டியில மாட்டணும்?"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பட்டறை வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்று தொங்குகிறது. "இங்கு மாட்டிய கிளட்ச் நழுவாது" என்று அதில் சித்தப்பாவே தன் கையால் எழுதியிருந்தார். நாலு ஊர் தாண்டியும் அந்த வாசகத்தை நம்பி வண்டிகள் வந்தன. நழுவுதல் என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை.

"அப்பா, முறுக்கும்போது நழுவுனாத்தான் அது கோளாறு," என்றாள் சின்னவள். "இது அப்படி நழுவாது. வளைவுக்கு முன்னாடி படபடன்னு கியரைக் குறைக்கிறேன் இல்ல? அப்போ இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடிச்சு இழுக்குது, சக்கரம் துள்ளுது. அந்த இழுப்பை மட்டும் இது விட்டுக்கொடுக்கும்."

"போன பந்தயத்துல ஒட்டகம் என்ன சொன்னான் தெரியுமாண்ணே?" என்று சித்தப்பா இடையில் புகுந்தார். எதிர்ப் பட்டறைக்காக ஓட்டுகிற நெட்டை இளைஞனுக்கு அவர் வைத்த பெயர் அது. "உங்க வண்டி வளைவுல போடுற ஆட்டத்துக்கு டிக்கெட் வெச்சு வசூல் பண்ணலாமாம்."

அம்மா சித்தப்பாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை பரிமாறப்படாது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

முதல் கிளட்ச் தங்க நிறத்தில் மின்னியது. சித்தப்பாவுக்கு அதன்மேல் ஒரு கண். அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, "இதைப் போட்டா, வண்டிக்குள்ள கிளட்ச் உட்கார்ற கூடையையும் மாத்தணும். வேண்டாம்," என்றான். இரண்டாவதைப் போட்டால் பிறகு அதன் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. மூன்றாவது சாம்பல் நிறம், பார்க்க அடுப்படிச் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் இருக்கிற கூடையிலேயே பொருந்தியது. கூடவே வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று செட் ஸ்பிரிங்குகளும் வந்தன. வெள்ளை தளர்வு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு முரட்டு இறுக்கம்.

"இதுதான்," என்றாள் சின்னவள்.

அப்பா வெகுநேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். "சரி. ஆனா சிவப்பு ஸ்பிரிங்தான் போடணும். நம்ம வீட்டு வண்டியில கிளட்ச் தளர்ந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

ஒருவரும் மறுக்கவில்லை. அம்மாகூட சிவப்பை விரலால் அழுத்திப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு," என்றாள். நழுவுவதற்கென்றே வாங்கிய கிளட்ச்சை நழுவ முடியாதபடி இறுக்கி மாட்டிவிட்டு, ஐந்து பேரும் திருப்தியாகத் தூங்கப் போனார்கள். அப்படி ஒரு தவறு அந்த வீட்டில் மட்டுமே நடக்கும்.

அது பருவத்தின் கடைசிப் பந்தயம். ஜெயிப்பவருக்கு அடுத்த ஆண்டு வண்டிக் கம்பெனியின் பந்தய அணியில் இடம். மீதமிருந்தது ஒரே இடம். அதற்கு நின்றவர்கள் சின்னவளும் ஒட்டகமும்.

காலைப் பயிற்சியில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இருந்த கூர்வளைவுக்கு அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்சக்கரம் பழையபடியே துள்ளியது. வண்டி நேராகப் போய்ப் பாதையோர ஜல்லியில் புதைந்தது. அவள் மேலெல்லாம் புழுதியோடு எழுந்தாள். வலி ஒன்றும் இல்லை. அவளைக் கடந்துபோன ஒட்டகம் ஒரு கையைத் தூக்கி டிக்கெட் கிழிப்பதுபோல் காட்டிவிட்டுப் போனான்.

குடும்பம் காத்திருந்த கூடாரத்துக்கு வந்ததும் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மஞ்சள் ஸ்பிரிங்," என்றாள்.

"முடியாது," என்றார் அப்பா.

"அப்பா, கிளட்ச் துளிகூட நழுவல. நாம வாங்குனதே அதுக்குத்தானே?"

"நேர்ப்பாதையில முறுக்கும்போது நழுவிடுச்சுன்னா? ஊர் பூரா பார்த்துட்டு இருக்கு."

"நழுவுச்சுன்னா பலகையை நானே ஏறி இறக்கிடறேன். அதுக்கப்புறம் வண்டியையும் தொட மாட்டேன்."

அண்ணன் கையில் இருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. பந்தயத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் வழக்கத்தை மீறவில்லை. கையுறையைக் கழற்றி, மஞ்சள் ஸ்பிரிங்குகளை உள்ளங்கையில் வைத்து அண்ணனிடம் கொடுத்தாள். அவன் சித்தப்பாவிடம் கொடுத்தான். சித்தப்பா முதல்முறையாக ஒரு ஜோக்கும் அடிக்காமல் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அப்பாவின் கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டாள்.

அப்பா கையைத் திறந்தார். ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். பிறகு மகளின் முழங்காலில் ஒட்டியிருந்த ஜல்லிப்பொடியைப் பார்த்தார்.

"எண்ணெய் வடியாம வண்டியை இடது பக்கம் சாய்ச்சுப் பிடிங்கடா," என்றார். "நானே மாட்டறேன்."

அந்தக் கிளட்ச் மூடியை அன்று அவர் கழற்றிய வேகத்தில் இளவட்டங்களால்கூடக் கழற்றியிருக்க முடியாது. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். மூடியைப் போட்டுவிட்டு அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார். "ஓடு!"

தொடக்கத்தில் அவள் நான்காவது. இரண்டு பேரைத் தாண்டியபின் ஒட்டகம் மட்டும் முன்னால் இருந்தான். நேர்ப்பாதையில் கைப்பிடியை முழுதும் முறுக்கினாள். கிளட்ச் பிடித்த பிடியை விடவில்லை. பலகை பிழைத்தது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்று. அதே கூர்வளைவு நெருங்கியது. ஒட்டகம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தான். அவள் குறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், பிறகு பிரேக்கை அழுத்தி, ஐந்தாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மடமடவென்று இறங்கினாள். கிளட்ச் லீவர் அவள் இரு விரல்களுக்கடியில் குருவியின் நெஞ்சுபோல் படபடத்தது. அது நழுவிக்கொண்டிருந்தது, நழுவ வேண்டிய இடத்தில், நழுவ வேண்டிய அளவுக்கு. பின்சக்கரம் துள்ளாமல், கோடு போட்டதுபோல் அவள் பின்னால் வந்தது. இடையில் கிடைத்த இடத்தில் உள்பக்கமாக நுழைந்தாள். வளைவைவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு முன்னால் வெறும் சாலைதான் இருந்தது.

வண்டியை நிறுத்தியதும் கூட்டம் சூழ்ந்தது. சித்தப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அம்மா யாரென்றே தெரியாத ஒருவரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா நிமிர்ந்த முதுகோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நேர்ப்பாதையில நழுவுச்சா?"

"இல்லப்பா."

"வளைவுல?"

"அழகா நழுவுச்சுப்பா."

அவர் திரும்பி நின்று, எதிர்க் கூடாரம்வரை கேட்கும்படி சொன்னார்: "கேட்டுக்கங்க. நல்லா நழுவுச்சாம்!"

அடுத்த ஆண்டு அவள் கம்பெனி அணியின் சட்டை போட்டு ஓட்டினாள். பலகை இன்றும் அதே இடத்தில் தொங்குகிறது. சித்தப்பா மட்டும் ஏணி போட்டு ஏறி, "நழுவாது" என்பதற்குக் கீழே "சொன்னால் நழுவும்" என்று சின்ன எழுத்தில் சேர்த்தார். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

ஒட்டகத்தின் இன்ஜினில் ஏதோ பழுது, அதனால்தான் அவளுக்கு வழி கிடைத்தது என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பந்தயம் முடிந்த வாரமே அவன் அந்த வண்டியை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தனக்கும் அதே சாம்பல் நிறக் கிளட்ச் போடச் சொன்னான். இன்ஜினைத் திறந்து பார்த்தவர் அப்பா. அதில் எந்தப் பழுதும் இல்லை.