முப்பத்தொன்றாம் எண் தகடு

சனிக்கிழமை ஒத்திகைக்குள் வெண்டெலினின் குழலில் வரும் டிக் டிக் சத்தம் நிற்காவிட்டால், சுரங்கக்காரர்களின் பர்பரா விழாவில் தனி வாசிப்பு இன்னொரு குழல்காரன் ஹைனெக்குக்குத்தான் என்று பாண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்களைப் படித்து முடித்ததும் வரும் மெதுவான பாட்டு அது. பத்தொன்பது வருடமாக வெண்டெலின்தான் தன் பாரிட்டோன் என்ற பித்தளை ஊதுகுழலை மார்போடு அணைத்து அதை ஊதிவந்தான்.

கிராஸ்லிசே ஊரில் குழல் பழுது பார்க்கும் போஹுனாவின் பட்டறைக்குள் நுழைந்து உட்காரும் முன்பே ஆரம்பித்தான். "யாரோ தெறந்திருக்காங்க. குழல் வைக்கிற பாண்டு அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு ஹைனெக்கிட்ட."

"நான் போலீஸ் இல்ல. குழலைக் குடுங்க."

விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றாவதுதான் சத்தம் போட்டது. விசைக்கம்பியின் மூட்டில் கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். சத்தம் போகவில்லை. தக்கைத் துண்டுகளைக் கிள்ளிப் பார்த்தாள், நன்றாக இருந்தன. திருகுகளும் இறுக்கம். குழலைப் புரட்டி வால்வின் மூடியைக் கழற்றி, அச்சின் நுனியில் அதே எண்ணெயை வைத்தாள். சத்தம் செத்துப்போனது.

"சரியாயிடுச்சா?"

"எண்ணெய் காய்ஞ்சா திரும்ப வரும். சத்தம் வர்ற எடம் தெரிஞ்சுது, அவ்வளவுதான். அச்சைத் தாங்குற தகட்டோட ஓட்டை பெரிசு, அச்சு உள்ள ஆடுது."

மேல்பக்கத் திருகைத் தளர்த்தி மரச் சுத்தியால் தட்டினாள். வால்வும் தகடும் உள்ளங்கையில் விழுந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். குழலில் பன்னிரண்டு என்று குத்தியிருந்தது. தகட்டில் முப்பத்தொன்று.

"இது உங்க தகடே இல்ல."

முப்பத்தொன்று ஹைனெக்கின் குழல். இரண்டையும் ஒரே நாளில் வாங்கினார்கள். "பாத்தீங்களா, திருட்டுப் பயல்."

"இதோட ஓட்டையைச் சுருக்கித் தரேன். சனிக்கிழமை சத்தம் வராது. ஆனா உங்க தகடு அவர் குழல்ல இருந்தா, அச்சை இறுக்கிப் பிடிக்கும். அவருக்கு மூணாவது விரல் ஓடாது."

"ஓடாம கெடக்கட்டும்."

அவள் கருவியை எடுத்தாள். "கடைசியா எப்பக் கழுவினீங்க?"

வெண்டெலின் விரல்விட்டு எண்ணினான். ரெண்டு வாரம் முன்னால். விழாவுக்கு முன் எல்லோரும் ஒரே மேசையில் வால்வுகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுவது வழக்கம். அன்று ஹைனெக் சுரங்க ஷிப்ட்டில் இருந்தான். அவனுடையதையும் கழுவி, ஒரே துணியில் பரப்பி, திரும்ப மாட்டி வைத்தது வெண்டெலினின் கைதான்.

"சுருக்காதீங்க," என்றான்.

வெண்டெலின் தகட்டோடு போனபோது ஹைனெக் கொல்லையில் முயலை உரித்துக்கொண்டிருந்தான்.

"உன் மூணாவது வால்வு எப்படிடா ஓடுது?"

கத்தி நின்றது. "ஏன் கேக்குற? ரெண்டு வாரமா கெழட்டுக் கழுதை மாதிரி நகர மாட்டேங்குது. அலமாரிச் சாவி உன்கிட்டயும் இருக்குல்ல. நீதான் ஏதோ பண்ணிட்டன்னு பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

"நான்தான் பண்ணேன். கழுவுறப்ப மாத்திப் போட்டுட்டேன்." உள்ளங்கையை விரித்தான்.

ஹைனெக் ரத்தக் கையைத் துடைத்து, தகட்டை வெளிச்சத்தில் பிடித்து எண்ணை இரண்டு முறை படித்தான்.

"மாத்திட்டா என் குழலும் சுத்தமா ஓடும். மாஸ்டர் ரெண்டு பேரையும் ஊதச் சொல்லி ஒருத்தரைத்தான் எடுப்பாரு."

"சொல்லட்டும்."

"இதை நீ ஏன் எனக்குக் கொண்டாந்த?"

"உன்னுது. அதான்."

ஹைனெக் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக் கத்தியை எடுத்தான். "முயலை முடிச்சுட்டு வரேன். நீ என் குழலைத் தொடாத. நானே கழட்டுறேன்."