இரவல் கை

கம்சிகா ஒரு தையற்காரி என்பது ரொறன்ரோவிலும் பாரிசிலும் தெரிந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவளுடைய சொந்த ஊரான நாரந்தனைக்குத் தெரியவந்தது. அதுவும் அங்கிருந்து ஃபோன் எடுத்தவர்கள் சொல்லித்தான்.

அவளுடைய கணவன் சயந்தன் சுவிசில் ஓர் உணவகத்தில் வேலை செய்தான். துண்டுத்துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் காணொளிகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு நல்ல மெசின் வேண்டும் என்று அவள் கேட்டாள். அவனும் சின்னத் திரை வைத்த ஒன்றை வாங்கி அனுப்பினான். இருநூறு வகைத் தையல் போடும் மெசின். கம்சிகா முதல் நாள் ஒரு வகைதான் போட்டாள். அது அவளுடைய சட்டையின் முன்பக்கத்தையும் மேசைவிரிப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. கதிரையை விட்டு எழும்ப முடியாமல், வேலிக்கு மேலால் கேட்கும்படி கத்தினாள்.

கத்தரிக்கோலோடு வந்து அவளை வெட்டி விடுவித்தவர் பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின். ஐம்பத்தைந்து வயது. பள்ளிக்கூடச் சட்டை, மாதா கோவில் பீடத்து விரிப்பு, முதல்நன்மைப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு என்று ஒரு கால்மெசினில் முப்பது வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தவர். வந்த இடத்தில் புது மெசினைச் சுற்றிப் பார்த்தார். சும்மா இருந்த துண்டுகளில் ஒன்பதை எடுத்துச் சதுரமாக வெட்டிப் பொருத்தினார். மெசின் சத்தமே போடாமல் ஓடியது அவருக்குப் பிடித்துப்போனது. கம்சிகா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் கைகள் மட்டும்தான் விழுந்தன.

"கம்சி கைவண்ணம்" என்ற யூரியூப் சனல் அப்படித்தான் பிறந்தது.

பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஜோசப்பின் வருவார். கம்சிகா தன் வளையல்களைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, நகத்துக்குப் பூச்சும் பூசுவாள். ஜோசப்பின் தைப்பார். மிஞ்சிய துணி ஜோசப்பினுக்கு. இரண்டு நாள் கழித்துக் கம்சிகா தன் குரலைச் சேர்ப்பாள். வீட்டில் "தைச்சனான்" என்று பேசுகிறவள், சனலில் "ஹாய் மக்களே, இன்னிக்கு நான் என்ன தைச்சிருக்கேன்னு பாருங்க" என்பாள். காஸ் சிலிண்டருக்குச் சட்டை, ரீவி றிமோட்டுக்கு உறை, அம்மிக்கு ஒரு பாவாடை. கடைசியில், விசிறி நின்றால் ஆட்கள் முற்றத்துக்கு ஓடிவரும் ஊரில், ஆளைப் புழுங்க வைக்கும் இரட்டைத்தட்டுப் போர்வை. இருபத்துமூவாயிரம் பேர் பார்த்தார்கள்.

"பாருங்கோ அக்கா, லண்டனில இருந்து ஒரு ஆள் எழுதியிருக்கிறா" என்று ஒருநாள் கம்சிகா ஃபோனை நீட்டினாள். "உங்கட கைக்கு ஒரு முத்தம் குடுக்கவேணும் போல கிடக்காம். என்ர கைக்கு!"

ஜோசப்பின் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "குடுக்கட்டும். காலமை சூடை மீன் வெட்டின கை."

ஜோசப்பினின் இடக்கைப் பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருக்கும். பதினாறு வயதில் ஊசி ஏறிய அடையாளம். பார்வையாளர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. நகத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். கம்சிகா அதற்கென்றே ஒரு காணொளி போட்டாள். சின்ன வயதில் தையல் பழகும்போது ஊசி ஏறியதையும், இரத்தம் சொட்டச் சொட்டத் தான் அந்தப் பாவாடையைத் தைத்து முடித்ததையும் விக்கி விக்கிச் சொன்னாள். சொல்லும்போது உண்மையாகவே அழுகை வந்தது. ஜோசப்பின் அதைத் தன் மகளின் ஃபோனில் பார்த்துவிட்டு, "பாவம் பிள்ளை, நல்லா நொந்திருக்கும்" என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வேலணையிலிருந்து கேதீஸ்வரி ஃபோன் எடுக்கும்வரை. அவர் ஓய்வுபெற்ற அதிபர். அங்குள்ள மாதர் சங்கமொன்றின் தலைவி.

"ரீச்சர், எங்களுக்கு ஒருநாள் பயிற்சி தரவேணும். நாப்பது பேர் இருக்கினம். துண்டுத்துணியில குசன் கவர். மெசினெல்லாம் நாங்கள் ஒழுங்கு செய்யிறம்."

கம்சிகாவை அதுவரை யாரும் ரீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் காதுக்குள் போன வேகத்தில் "ஓம்" என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் மெசின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பயிற்சி நாள் காலையில் அவள் வலக்கையில் பெரிய பண்டேஜோடு ஜோசப்பினின் வாசல் படலையில் வந்து நின்றாள்.

"கதவுக்குள்ள கை நசிஞ்சு போச்செண்டு சொல்லப்போறன், அக்கா. நீங்கள் உதவிக்கு வந்த ஆள் மாதிரி இருந்து தைச்சுக் காட்டினால் காணும்."

ஜோசப்பின் அந்தக் கட்டைப் பார்த்தார். "அப்ப உம்மட இடக்கைப் பெருவிரலை என்ன செய்யப்போறீர்? நாப்பது பேரும் நகத்தைத்தானே பாப்பினம்."

ஆகவே ஓட்டோவுக்குள் வைத்து இடக்கைக்கும் ஒரு கட்டுப் போடவேண்டியதாயிற்று. போட்டது ஜோசப்பின்தான். அரைவாசி வழி போனதும் கம்சிகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அங்கை நீங்கள் கனக்கக் கதைக்க வேண்டாம். ஆரும் கேட்டால் என்னட்டைத்தான் தையல் பழகினனீங்கள் எண்டு சொல்லுங்கோ. பிழையா நினைக்காதேங்கோ அக்கா, ஒரு நாளைக்குத்தானே."

ஜோசப்பின் வெளியே கடலைப் பார்த்தபடி, "ஓம், அப்பிடியே சொல்லுறன்" என்றார்.

மண்டபத்தில் நாற்பது பேரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். இரண்டு கையிலும் கட்டுகளைக் கண்டதும் தட்டல் நின்று, ஐயோ என்ற சத்தம் எழுந்தது. இரண்டு கையும் ஒரே கதவுக்குள் எப்படி நசிந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேதீஸ்வரி கண் கலங்கி, "இந்த நிலைமையிலையும் சொன்ன சொல்லுக்கு வந்திருக்கிறா" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். தேநீர் வந்தபோது கேதீஸ்வரியே கோப்பையைப் பிடித்துப் பருக்கினார். இன்னொருவர் றோல்சைப் பிய்த்துப் பிய்த்து வாயில் வைத்தார். ஒருவர் கொசு அடித்துவிட்டார். கம்சிகாவுக்கு மூக்கு அரித்தபோது மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜோசப்பின் மெசினில் போய் இருந்தார். முன்வரிசையில் இருந்த இளம்பெண் இந்துஜா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

"ரீச்சர்! இவவின்ர கையைப் பாருங்கோ. ஊசி பிடிக்கிறது, துணியைத் தடவுறது, எல்லாம் அச்சொட்டா உங்கட கை!"

கம்சிகா கட்டுப் போட்ட கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நகத்தையும் பாருங்கோ" என்றாள் இந்துஜா. "அதுகூட உங்களை மாதிரியே!"

"அது அப்பிடித்தான்" என்றார் கேதீஸ்வரி. "நல்ல குரு கிடைச்சால் சிஷ்யைக்கு எல்லாம் ஒட்டும். நீர் எவ்வளவு காலமா ரீச்சரட்டைப் பழகுறீர்?"

"இப்பத்தான் கொஞ்ச நாளா" என்றார் ஜோசப்பின். "எனக்குத் தையலைப் பற்றி ஒண்டும் தெரியாது. ரீச்சர் சொல்லச் சொல்லச் செய்வன். அவ சொல்லாததை ஒண்டும் செய்யமாட்டன்."

கம்சிகா ஒலிவாங்கிக்கு முன்னால் போனாள். "ஹாய் மக்களே" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. "முதல்ல ஒன்பது துண்டு எடுத்துக்கோங்க. இப்ப அதை இப்படி வச்சு, இப்படிச் சேர்த்து எடுக்கிறோம்."

காணொளியில் அது போதும். "இப்படி" என்று அவள் சொல்லும்போது கீழே இரண்டு கைகள் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இப்போது அந்தக் கைகள் மடியில் கிடந்தன.

"எப்பிடி, ரீச்சர்?" என்று ஜோசப்பின் கேட்டார். "துணியின்ர நல்ல பக்கம் உள்ளுக்கோ, வெளியிலயோ?"

கம்சிகா யோசித்தாள். நல்ல பக்கத்தை யாராவது உள்ளே மறைப்பார்களா?

"வெளியில."

நாற்பது பேரும் கொப்பியில் எழுதினார்கள்.

"தையலுக்கு விளிம்பில எவ்வளவு விடுறது?"

"என்னத்துக்கு விடவேணும்? துணி வீண்தானே. விளிம்பிலயே தையுங்கோ." பதற்றத்தில் சனல் தமிழ் கழன்று நாரந்தனைத் தமிழ் வந்துவிட்டது.

ஜோசப்பின் விளிம்பிலேயே தைத்தார். நாற்பது பேரும் அப்படியே தைத்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த அன்ரனிட்டா மட்டும் கையை உயர்த்தினார். இருபது வருடம் தையற்கடை வைத்திருந்தவர் அவர்.

"பிள்ளை, உது பிழை. இழுத்தால் பிஞ்சு போகும். மூட்டு உள்ளுக்கல்லோ வரவேணும்."

கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தார். "அன்ரனிட்டா, உம்மை யூரியூப்பில எத்தினை பேர் பாக்கினம்?"

அன்ரனிட்டா கையை இறக்கிக்கொண்டார். ஜோசப்பின் ஒருதரம் அவரைப் பார்த்துவிட்டு ஊசியைப் பார்த்தார்.

"பின்பக்கத் துணியும் வைச்சாச்சு, ரீச்சர். எத்தினை பக்கம் தைக்கிறது?"

"நாலு பக்கம்தானே கிடக்கு. நாலையும் தையுங்கோ."

"நாலையுமோ?"

"ஓம். நாலையும்!"

மெசின்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. ஜோசப்பின் நாலாம் மூலையில் முடிச்சுப் போட்டு, நூலை நறுக்கி, உறையைத் தூக்கிப் பிடித்தார். நாலு பக்கமும் நூல் தொங்கியது.

"முடிஞ்சுது. இனிக் குசனை வைக்கவோ?"

"ஓம், வையுங்கோ."

ஜோசப்பின் உறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இரண்டாம் முறையும் சுற்றினார். மண்டபத்தில் நாற்பது பேரும் தங்கள் உறைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கத்தால, ரீச்சர்?"

கம்சிகாவின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அவள் ஜோசப்பினைப் பார்த்தாள். இப்போதாவது ஒரு சொல் சொல்வார் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஜோசப்பின் மிகுந்த பணிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"குசனை..." என்றாள் கம்சிகா. "குசனை முதலே உள்ளுக்கை வைச்சுத் தைச்சிருக்கவேணும். அதை நான் அடுத்த வகுப்பில சொல்லித் தாறதா இருந்தனான்."

ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கேதீஸ்வரி ஒலிவாங்கியை வாங்கி, இது ஐரோப்பாவில் இப்போது வந்திருக்கும் முறை, திறந்து மூடச் சிப்புப் பூட்டும் செலவு மிச்சம் என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு சான்றிதழ் வழங்கல். கட்டுக் கையால் கம்சிகா ஒவ்வொரு சான்றிதழையும் தொட்டுக்கொடுத்தாள். அன்ரனிட்டாவும் ஒன்று வாங்கினார்.

திரும்பி வரும் ஓட்டோவில் அவள் வெடித்தாள்.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?"

"நீர் சொன்னதைத்தானே செய்தனான்."

"ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு மெதுவாச் சொல்லியிருக்கலாம் அக்கா. நான் அந்த மேடையில செத்துப் போனன்."

"உம்மட்டைப் பழகினவள் உமக்கு எப்பிடியம்மா சொல்லித் தாறது?"

கம்சிகாவுக்கு அழுகை வந்தது. இரத்தக் கதை சொன்னபோது வந்த அழுகையைவிட இது அசிங்கமாக, மூக்கு ஒழுக ஒழுக வந்தது. ஜோசப்பின் தன் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டார்.

கட்டை உடனே அவிழ்க்க முடியவில்லை. சங்கம் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, உறவினர்கள் தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வரத்தொடங்கினார்கள். சயந்தன் வீடியோவில் பார்த்துப் பதறி ரிக்கெற் போடப்போனான். பதினொரு நாள் அவள் இரண்டு கையும் கட்டோடு இருந்து, கட்டுக்குள் வேர்க்குரு போட்டு, அதற்கு வேறு மருந்து வாங்கினாள். அதற்கிடையில் "நாலு பக்கமும் தைக்கும் புது முறை" என்று அவள் போட்ட படங்களுக்கு முன்னெப்போதும் இல்லாத அளவு வரவேற்பு. நூல் தொங்குவதுதான் அழகு என்று நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் அவள் வேலியடிக்கு வந்தாள்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை வாறியளோ? ஒரு சின்னப் பை தைப்பம்."

"வாறன்" என்றார் ஜோசப்பின். "ஆனா இனி முகத்தையும் சேர்த்து எடும்."

"அப்ப நான் எங்கை நிக்கிறது?"

"மெசினுக்குப் பக்கத்தில நில்லும். நூல் எடுத்துத் தரலாம்தானே."

கம்சிகா ஜோசப்பினைக் கூப்பிடாமல் செவ்வாய் முழுவதும் யோசித்தாள். வெள்ளியன்று சனலின் பெயர் "கம்சி பூந்தோட்டம்" என்று மாறியது. முதல் காணொளியில் ரோசாக் கன்றுக்கு மண் கிளறிய கையில் மயிர் கொஞ்சம் அதிகம். போட்டிருந்தது அதே வளையல்.

அதற்கு அடுத்த வாரம் கேதீஸ்வரி ஒரு மூடிய பையோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். கம்சிகாவின் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, விறுவிறென்று ஜோசப்பினின் வீட்டுக்குள் நுழைந்தார்.

"ரீச்சருக்குத் தெரியவேண்டாம். முறை நல்ல முறைதான். எனக்குத்தான் சரியாப் பிடிபடேல்லை. உம்மாலை இதை ஒருக்கா அவிழ்க்க ஏலுமோ?"

ஜோசப்பின் அந்தக் குசன் உறையின் நாலு பக்கத்தையும் பிரித்தார். மூட்டுகளை உள்ளே போட்டு மறுபடி தைத்து, ஒரு பக்கத்துக்குச் சிப்புப் பூட்டி, குசனையும் உள்ளே வைத்துக் கொடுத்தார். முக்கால் மணித்தியாலம் ஆனது. கேதீஸ்வரி அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லை. ரீச்சரின்ர கை வராது எண்டாலும் வீட்டுப் பாவனைக்குக் காணும். நீர் அவவிட்டை இன்னும் ஒரு வருசம் பழகினால் நல்லா வருவீர்."

"ஓம், ரீச்சரும் அதைத்தான் சொன்னவ" என்றார் ஜோசப்பின்.

கேதீஸ்வரி பையை மூடிக்கொண்டு படலையைத் திறந்தார். வெளியே ஒழுங்கையில் இந்துஜா ஒரு பையோடு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்றாள் இந்துஜா.

"நானும்தான்" என்றார் கேதீஸ்வரி.