சலூனுக்குள் திரும்பிய ரைட்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சலூன் நாற்காலியில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். அதுவாகவே கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஓட்டி வந்தது என் அக்கா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விதி அன்று சிவப்புக் காரில் ஏறி...' (வேண்டாம். கார் வெள்ளை. விதிக்கு லைசென்ஸும் கிடையாது.)

2

அக்கா நர்ஸ். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முச்சந்தியில் அக்கா, "சார், போகலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ரைட், ரைட்!"*

வலப்பக்கம் சலூன். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் மனிதர் பதற்றத்தில் விசிலைத் தேடியிருக்கிறார்.

* கண்டக்டர் வாயில் 'ரைட்' என்றால் 'கிளம்பு'. பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன். "ஸ்டீயரிங்கப் பிடிச்சா காது வேற மாதிரி கேக்குதுடா" என்றாள்.

3

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"ரைட்டுனுதானேம்மா சொன்னேன்!" என்றார் கண்டக்டர்.

"அதான் சார் ரைட்ல வந்தேன்!" என்றாள் அக்கா.

"என் கடைக்குள்ள வர்றதுக்கு உங்களுக்கு என்ன ரைட்டு இருக்கு?" இது சலூன்காரர், கையில் கத்தியோடு.

போனில் அத்தான்: "உன்னால முடியாதுன்னு சொன்னேனே, ரைட்டாப் போச்சா?"

அக்கா போனை அணைத்தாள். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான், அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். (இங்கே அவளை அழவைக்க ஒரு பத்தி எழுதி, கிழித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

"சார், இனிமே 'போ'னு சொல்லுங்க. இல்ல, வாயே திறக்காதீங்க."

சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தாள். கண்ணாடிச் சில்லுகள் நொறுங்க, ஒரு நாற்காலியிலும் இடிக்காமல் வெளியே போனாள். சலூன்காரரே கத்தியை ஆட்டி ஆட்டி வழிகாட்டினார்.

4

முடிவு ஒன்று: அக்கா பாஸ். அத்தான் திருந்தி... (நம்பும்படி எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரியும் ஒரு காலத்தில் கண்டக்... (சே.)

உண்மையில் டெஸ்ட் நேற்று முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். இப்போது வாசலில் ஹாரன் அடிக்கிறாள். காரில் வேறு யாருமில்லை.

"ஏறு, சொல்றேன்."

"நீ சொல்லு, ஏறுறேன்."

"பக்கத்துல உக்காந்தா தானாத் தெரியும்டா."

செருப்பை மாட்டிக்கொண்டேன். பின்சீட்டில் இடமிருக்கிறது. முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் வந்து ஏறிக்கொள்ளுங்கள்.