இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு ஓட்டு

பெர்னி கட்லருக்கு ஊரைச் சிரிக்க வைப்பதுதான் தொழில். ஆனால் அவர் முகத்தை டிவியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் பர்பாங்கில் காமெடித் தொடர்களை, ஜனங்களை எதிரே உட்கார வைத்துத்தான் படம் பிடிப்பார்கள். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நடிகர்கள் உடை மாற்ற வேண்டும், கேமராக்கள் இடம் மாற வேண்டும். அதுவரை இருநூற்று நாற்பது பேரும் கொட்டாவி விடாமல், எழுந்து போகாமல், சிரிப்பு ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. அந்த ஆள் பெர்னி. சம்பளம் சுமார், மரியாதை அதைவிடச் சுமார், தொண்டை மட்டும் எப்போதும் புண்.

"எதிர்வீட்டுக் கதவு" தொடருக்கு ஆறு வருடமாக அவர்தான். அவரிடம் இருந்த சரக்கு மூன்றே மூன்று. ஒன்று, பை நிறைய மிட்டாய். சரியாகப் பதில் சொன்னவர் மடியில் பறந்து விழும். இரண்டாவது, கைப்பை விளையாட்டு. யாராவது ஒரு அம்மாவின் கைப்பையை வாங்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கிண்டலடிப்பார். கூட்டம் இதற்காகவே காத்திருக்கும். மூன்றாவது, கைதட்டல். ஆரம்பத்திலேயே மூன்று முறை பயிற்சி கொடுத்துவிடுவார். அவர் வலது கையை உயர்த்தினால் கூரை இடிகிற மாதிரி தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகள்கூட இத்தனை ஒழுங்காகக் கேட்க மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிப் படப்பிடிப்பில், மூன்றாவது பயிற்சி முடிந்த கையோடு, அரங்க மேலாளர் ரூபன் அல்வராடோ திரை ஓரமாக நின்று அவரைச் சைகை காட்டிக் கூப்பிட்டான். ரூபன் சாதாரணமாகவே சிடுமூஞ்சி. இன்று அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"லொரெய்ன் மேக்கப் ரூம் கதவைப் பூட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது," என்றான் காதோரம். "இந்தா, காலையில வந்த கடுதாசி. இது ஒன்பதாவது."

லொரெய்ன் ஹாலிதான் அந்தத் தொடரில் டெல்பீன் அத்தையாக நடிப்பவர். கதையில் இன்றைக்கு அத்தைக்குக் கல்யாணம். புளோரிடா போகிறாள், திரும்பி வரமாட்டாள். லொரெய்ன் வேறு வேலைக்குப் போவதால் எழுத்தாளர்கள் செய்த ஏற்பாடு அது, பேப்பரிலும் வந்துவிட்டது. பெர்னி கடிதத்தைப் படித்தார். அழகான, சாய்ந்த கையெழுத்து. 'டெல்பீன், பச்சைத் தட்டை உடைத்துவிட்டு நீ அழுத அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். உன்னை அந்த வீட்டை விட்டு அனுப்ப விடமாட்டேன். வெள்ளிக்கிழமை அந்தக் கதவைத் திறந்து நீ வரும்போதே முடித்துவிடுகிறேன். நீ அந்த வீட்டிலேயே இருப்பாய்.'

பெர்னி முதல் வரியை மறுபடி படித்தார். பச்சைத் தட்டு! இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த காட்சி அது. நீளம் அதிகமென்று வெட்டி எறிந்துவிட்டார்கள், டிவியில் வரவே இல்லை. அதைப் பார்த்தவர்கள் அன்று இந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான்.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடு, ரூபன்."

"அனுப்பினா அந்த ஆளும் சேர்ந்துல்ல போவான்? அப்புறம் லொரெய்ன் வீட்டு வாசல்ல நிப்பான். போலீஸ் வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம். அதுவரைக்கும் ஒருத்தனும் சந்தேகப்படக் கூடாது. எழுந்து ஓட ஆரம்பிச்சா மிதிபட்டே பத்து பேர் சாவாங்க. நீ பேசிக்கிட்டே இரு. முடிஞ்சா ஆள் யாருன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா தொப்பியைக் கழட்டு, காவலாளிங்க வருவாங்க."

"நான் கண்டுபிடிக்கணுமா? நான் மிட்டாய் வீசுறவன்டா!"

"உனக்குத்தான் இந்த முகமெல்லாம் தெரியும்," என்று சொல்லிவிட்டு ரூபன் போய்விட்டான்.

பெர்னி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். வழக்கமாக அவர் கண்ணுக்குத் தெரிவது இருநூற்று நாற்பது வாய்கள். இன்று தெரிந்தது நானூற்று எண்பது கைகள். அதில் எந்தக் கை எந்தச் சட்டைக்குள் இருக்கிறதோ! தாமதம் நீண்டால் எடுத்து விடுவதற்கென்று அவரிடம் ஒரு கேள்வி உண்டு. போன வருடம் மின்சாரம் போனபோது ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்த கேள்வி. அதை எடுத்தார்.

"சரி ஜனங்களே, சண்டை போட ரெடியா? டிவி காமெடித் தொடர் வந்த நாள் முதலா இன்னிக்கு வரைக்கும், எல்லாரையும் விடப் பெரிய கேரக்டர் யாரு? ஒருத்தர்தான். காரணம் சொல்லணும். சொல்லாதவங்களுக்கு மிட்டாய் கிடையாது!"

அவ்வளவுதான், கூடம் பற்றிக்கொண்டது. பாதிரியார் காலர் போட்ட ஒருவர் எழுந்து, சார்ஜன்ட் பிளம் என்றார். "பன்னெண்டு வருஷம் போலீஸ்ல இருந்து ஒரு திருடனைக்கூடப் பிடிக்காதவன் அவன் ஒருத்தன்தான். அந்த விடாமுயற்சி யாருக்கு வரும்?"

"போங்க ஃபாதர்!" என்று ஒரு பெண் கத்தினாள். "சமையல்காரன் ஓட்டிஸுக்கு முன்னாடி உங்க பிளம் எம்மாத்திரம்? ஓட்டிஸ் வாயே திறக்காம முட்டையை உடைச்சே நாலு வருஷம் சிரிக்க வச்சான்."

"வாயைத் திறக்காத ஆம்பளை உனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றான் பக்கத்திலிருந்த அவள் புருஷன். கூட்டம் அதிர்ந்தது. பெர்னியும் சிரித்தார். முதுகில் வியர்வை இடுப்பு வரை இறங்கியிருந்தது.

டெல்பீன் அத்தை பேரை யாரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ராணுவச் சட்டை போட்ட ஒரு தடியன் மட்டும் ஒன்றுக்கும் சிரிக்காமல் மேடையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வலது கை சட்டைக்குள் இருந்தது. இவன்தான் என்று பெர்னியின் மனது அடித்துச் சொன்னது. ஓடிவிடலாமா என்றும் அதே மனதுதான் கேட்டது. பொய் சொல்லக் கூடாது, கால் ஒரு அடி வாசல் பக்கம் நகரவும் செய்தது. ஆனால் மேக்கப் ரூம் கதவுக்குப் பின்னால் லொரெய்ன் இருக்கிறாள். ஆறு வருடமாக அவருடைய தொண்டைக்குத் தேன் போட்ட டீ கொண்டுவந்து கொடுக்கிற ஒரே ஆள்.

ரசிகர்களைப் பற்றிப் பெர்னிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அடித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், தங்கள் தொடரைப் பற்றித் தப்பாகச் சொன்னால் மட்டும் ஒரு நொடி பொறுக்க மாட்டார்கள். தூண்டிலைப் போட்டார்.

"நம்ம டெல்பீன் அத்தையை மறந்துட்டீங்களே! அந்த நீலத் தட்டைப் போட்டு உடைச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாளே, ஞாபகம் இருக்கா? அங்க பின்னாடி, ராணுவச் சட்டை சார், நீங்க சொல்லுங்க!"

தடியன் கையை வெளியே எடுத்தான். கையில் இருந்தது காதுமிஷின். "என்ன கேட்டீங்க?" என்றான் சத்தமாக. "பொண்டாட்டி இழுத்துக்கிட்டு வந்தா சார். எனக்கு டிவியே பிடிக்காது."

கூடம் சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது, இரண்டாம் வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"நீலத் தட்டு இல்ல பெர்னி. பச்சை. அவ சிரிக்கல, அழுதா."

வெர்னா ஸ்டோட். எழுபது வயது. இரண்டு பஸ் மாறி, ஆறு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற வெர்னா. மடியில் எப்போதும் மஞ்சள் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் வைத்த பை. பல் இல்லாததால் அவருக்கென்று பெர்னி தனியாக மெத்தென்ற மிட்டாய் வாங்கி வைத்திருப்பார். புருஷன் வால்ட் இறந்த வாரம்கூட வந்திருந்தார். இந்தக் கூட்டத்தில் பெர்னி பயப்படாமல் பார்த்த ஒரே முகம் அதுதான்.

பெர்னிக்கு அழ வேண்டும் போலிருந்தது. தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினார். ஆனால் வெர்னாவின் மடியில் இன்று ஊசி ஓடவில்லை. இரண்டு கைகளும் பையை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த இருக்கையிலிருந்து டெல்பீன் அத்தை வரவேண்டிய கதவுக்குப் பத்தடிகூட இருக்காது.

பெர்னி தொப்பியைக் கழற்றினார். கழற்றிய கையோடு இறங்கிப் போய் வெர்னாவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். தூரத்தில் இருப்பதைவிட இப்படிப் பக்கத்தில் இருப்பதுதான் பயமாக இருந்தது.

"அப்போ உங்க ஓட்டு டெல்பீனுக்கா, வெர்னா? காரணம்?"

"மத்தவங்க எல்லாம் ஜோக் அடிக்கிறவங்க, கண்ணு," என்றார் வெர்னா, பெர்னி நீட்டிய மைக்கில். குரல் நடுங்கவே இல்லை. "இவ ஒருத்திதான் பெல் அடிச்சா யாருன்னு கேக்காம கதவைத் திறக்கறவ. உள்ள வா, சாப்பிட்டியான்னு கேக்கறவ. வால்ட் போனப்புறம் என்னை யாரு அப்படிக் கேட்டா? இன்னிக்கு அவளை அனுப்பிடப் பாக்கறாங்க. அவ போகமாட்டா. நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்றதற்குக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெர்னியின் கண் காவலாளிகளைத் தேடியது. பக்கவாட்டில் இரண்டு காவலாளிகள் மெதுவாகப் படியிறங்கி வருவது தெரிந்தது. இரண்டு பேருமே ஓய்வு பெறும் வயசு. இன்னும் எட்டு வரிசை பாக்கி.

அப்போதுதான் அது தொடங்கியது. பெர்னி ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த அம்மா மடியில் பையும் இருந்தால், அடுத்தது என்னவென்று வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். நாலாம் வரிசையில் யாரோ "பை!" என்றார்கள். பத்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு மொத்தக் கூடமும் காலால் தரையைத் தட்டி, "பை! பை! பையைத் திற!" என்று கூவ ஆரம்பித்தது. பாதிரியாரும்தான்.

"வேணாம் பெர்னி," என்றார் வெர்னா. முகம் மாறிவிட்டது. "இன்னிக்கு வேணாம்." அவர் வலது கை பைக்குள் நுழைந்தது. மஞ்சள் நூலுக்குள் முழங்கை வரை போய் நின்றது.

"ஐயோ, சும்மா இருங்களேன்!" என்று பெர்னி கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஆறு வருடமாக அவரே ஊட்டி வளர்த்த ஆட்டம், இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. அவர் எழுந்தார். என்ன செய்கிறோம் என்ற யோசனையே இல்லை. இவர்களை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வலது கையை உயரத் தூக்கினார்.

கூடம் கைதட்டியது. இருநூற்று நாற்பது பேரும், கூரை இடிகிற மாதிரி.

வெர்னாவும் தட்டினார். ஆறு வருடப் பழக்கம். பைக்குள் இருந்த கை தானாக வெளியே வந்தது, இன்னொரு கையைத் தேடிப் போனது, நல்ல பிள்ளை மாதிரி அவரும் பெர்னியைப் பார்த்துத் தட்டினார்.

வெர்னாவின் மடியிலிருந்து பெர்னி பையை எடுத்துக்கொண்டார். கம்பளி நூல் அத்தனை கனக்காது.

பெர்னியின் வலது கை இறங்கவில்லையே, கூட்டம் தட்டிக்கொண்டே இருந்தது. வெர்னா மட்டும் நிறுத்தினார். வெறும் மடியைப் பார்த்தார், பிறகு பெர்னியைப் பார்த்தார். அதற்குள் காவலாளிகள் வந்து ஆளுக்கொரு பக்கம் முழங்கையைப் பிடித்துவிட்டார்கள்.

"நீ எனக்காகத்தான் கையைத் தூக்கினேன்னு நெனச்சேன் கண்ணு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை கைதட்டலுக்கு நடுவே, ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் போல மெதுவாகப் படி ஏறிப் போனார்.

பையைத் திரைக்குப் பின்னால் ரூபன் திறந்தான். பாதி பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர், லொரெய்னின் அளவுக்கு. அதற்குள் சுற்றியிருந்தது வால்ட்டின் பழைய துப்பாக்கி. "ஆறு குண்டும் இருக்கு," என்று சொல்லிவிட்டு ரூபன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெர்னி தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

படப்பிடிப்பை ரத்து செய்துவிட்டதாக முதலாளிகள் சொல்லியனுப்பினார்கள். அதையும் கூட்டத்திடம் பெர்னிதான் சொல்ல வேண்டும். வெளியே போனார். இரண்டாம் வரிசையில் ஒரு இருக்கை காலி. அதன் அடியில் மஞ்சள் நூலுருண்டை ஒன்று கிடந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் எழுந்துவிட்டார்.

"பெர்னி, நான் என் கட்சியை மாத்திக்கறேன். சார்ஜன்ட் பிளம்மை விடுங்க. அந்தப் பாட்டியம்மா யாரு, புது நடிகையா? என்னா நடிப்பு! இதுவரைக்கும் வந்த எல்லாரையும் விட அவங்கதான் பெரிய கேரக்டர். என் ஓட்டு அவங்களுக்கு!"

ஆமாம் ஆமாம் என்று கூடமே ஆமோதித்தது. அடுத்த வாரமும் அவரைக் கூப்பிடுங்கள் என்று ஓட்டிஸ் கட்சிக்காரியும் கத்தினாள். எல்லோரும் சிரித்த முகத்தோடு பெர்னியின் வலது கையையே பார்த்துக்கொண்டு, தட்டுவதற்குத் தயாராக உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தார்கள்.

பெர்னி அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.