ஸ்டீல் கிட்டாருக்கு விட்ட இடம்

லோயர் லெவி என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை ஒரே ஒரு மைக்கில் பதிவு செய்தேன். அப்படிப் பதியும்போது சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்களின் வேலை. மைக்கை நெருங்கினால் கூடும், விலகினால் குறையும். பாடுகிற வெண்டலும் மற்றவர்களும் முன்னும் பின்னும் நடந்தார்கள். லோரீனால் மட்டும் நகர முடியாது. அவளுடைய பெடல் ஸ்டீல் கிட்டார் சிறிய மேசை போலக் கால்களில் நிற்பது, உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். அதனால் குழு முழுவதும் அவளைச் சுற்றியே இயங்கியது.

இரண்டாவது ஆல்பத்தில் ஆளுக்கொரு மைக் வந்தது. டிரம்ஸ் அதிர்ந்தது, எலெக்ட்ரிக் கிட்டார் உறுமியது. மூன்றாவதில் வேகம் தணிந்து கீபோர்டு நுழைந்தது. நான்காவதற்காக, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தெற்கே, முன்பு மாட்டுத் தீவனக் கடையாக இருந்த என் ஸ்டுடியோவுக்கு மறுபடி வந்தார்கள்.

"லோரீன், கோவிச்சுக்காத. ஸ்டீல் வேணாம்னு பாக்கறேன்," என்றான் வெண்டல்.

"இந்தப் பாட்டுலயா, ஆல்பத்துலயா?"

"ஆல்பத்துல."

"அப்ப குழுவுல?"

வெண்டல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு மைக்குக்குப் போனான்.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் கருவியில் பெடலை மிதித்தால் ஒரு தந்தியின் சுருதி ஏறும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். ஒன்று நிற்க இன்னொன்று விலகும்போது தொண்டை அடைப்பதுபோல ஒரு ஒலி பிறக்கும். சொல் வருமுன்பே கேட்பவருக்குச் சோகம் வந்துவிடும். வெண்டலின் புதிய பாடல்களோ, 'இப்படி உணர்' என்று யாரிடமும் சொல்லாதவை.

ஸ்டீல் இல்லாமல் பதிவைத் தொடங்கினோம். முதல் வரியைப் பாடியவன் இரண்டாவதைத் தாமதமாகப் பிடித்தான். மறுபடியும் அதே கதை.

"எங்கடா போன? நடுவுல பெட்ரோல் போட நிறுத்திட்டியா?" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் கிளைட்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். அந்த இடைவெளி, லோரீன் பதில் வாசிக்கும் நீளம்தான். மூன்று ஆல்பங்களாக ஒரு வரி பாடுவான், அவள் பதில் சொல்வாள், அந்த நேரத்தில் மூச்சை இழுப்பான். இப்போது தாளத்தை எண்ணிப் பாடிப் பார்த்தான். நேரம் சரியாக வந்தது. ஆனால் குரல் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது.

சோபாவில் இருந்த லோரீன் எழுந்தாள்.

"நான் வாசிக்கறேன். அவன் காதுக்கு மட்டும் அனுப்பு. பதியாத."

அது சுலபம். ஹெட்போனுக்குப் போகும் பாதை வேறு, பதிவுக்குப் போகும் பாதை வேறு. ஆம்ப்ளிஃபயரை அணைத்து அவளுடைய கிட்டார் வயரை நேராக என் ஒலிப்பதிவு மேசையில் செருகினேன். அறையில் அவளுடைய கைகள் அசைந்தன, சத்தம் எழவில்லை. வெண்டல் கண்ணை மூடிப் பாடினான்.

திரும்பக் கேட்டபோது குரல் இருந்தது, கீபோர்டு இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் யாரோ அருகில் இருப்பது போன்ற ஒரு வெற்றிடமும் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் லோரீன். "அதான் எரிச்சலா வருது."

"நீ இல்லாம எனக்கு அடுத்த வரி வராது," என்றான் வெண்டல்.

"அதுக்காக ஊர் ஊரா வந்து சத்தமில்லாம உக்காரணுமா?"

"சேச்சே. மேடையில எல்லாருக்கும் கேக்கட்டும். ஆல்பத்துல மட்டும் இப்படியே விடுவோமா?"

"அட்டையில என் பேரு?"

"எப்பவும் போல. ஸ்டீல் கிட்டார், லோரீன்."

"கேக்கறவன் தேடித் தேடிப் பைத்தியமாயிடுவான்," என்றான் கிளைட்.

லோரீன் சிரிக்கவில்லை. தந்தியை மீட்ட விரல்களில் போடும் உலோக நகங்களை மறுபடி மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பாட்டுக்கு அவன் காதுல என்னைக் கொஞ்சம் கூட்டி வை. ரெண்டாவது சரணத்துல தாளத்துக்கு முன்னாடி ஓடறான்."