பெனிற்றாவின் உச்ச வேகம்

பெனிற்றாவின் கணினி விசிறி இரையத் தொடங்கினால் எனக்குத் தலை இடிக்கும். குறை சொல்லவும் வழியில்லை. அந்தக் கணினிதான் இப்போது என் மனைவியின் வாய்.

தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய் அவளுக்கு வந்து மூன்று வருடம். முதலில் கை போனது, பிறகு பேச்சு. பேச்சுப் போகுமுன்னே அவள் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தோம். சக்கர நாற்காலிக்கு முன்னால் உள்ள திரையில் அவள் எழுத்துகளைப் பார்ப்பாள், கமெரா அவள் கண்ணைப் பின்தொடரும், எழுதியதைக் கணினி அவள் குரலிலேயே பேசும். கண்ணைப் பின்தொடர்வதும் குரலை உருவாக்குவதும் கிராபிக்ஸ் சிப்பின் வேலை. அது வேகமாக ஓடினால் சூடேறும், சூடேறினால் விசிறி இரையும்.

என் பிழைப்பே அந்தச் சிப்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் இருந்து சிப்பை மேய்க்கும் ட்ரைவர் என்ற மென்பொருளை எழுதுகிறவன் நான். சிப் ஆகக் கூடியது எந்த வேகத்தில் ஓடலாம் என்று பாவிப்பவர் ஓர் எல்லை வைக்கலாம். அந்த எல்லையைக் காப்பது ட்ரைவரின் பொறுப்பு. இதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே எல்லோருக்கும் கொட்டாவி வரும். பெனிற்றா மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒக்டோபரில் எங்கள் தேவாலயப் பங்கில் மாதாவின் சுருவச் சிலை வீடு வீடாக வரும். வந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். நாங்கள் குடியேறிய நோர்பரியில் எங்கள் வீட்டு முறை ஒரு சனிக்கிழமை. முடிவில், ஒருவர் வரி சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டுமாலையை முன்னின்று சொல்பவள் எப்போதும் பெனிற்றாதான். போன வருடம் நாக்குத் தடுமாறி, பாதியில் நிறுத்தி அழுதுவிட்டாள். இந்த வருடம் அவள் திரை முன்கூட்டியே சொன்னது: "நான்தான் சொல்லுவன். வேறை ஆரையும் கேக்காதேங்கோ."

எனக்கோ விசிறியை நினைத்துத்தான் பயம். இருபத்தைந்து பேர் இருக்கும் அறையில் அது வாக்கியூம் கிளீனர் மாதிரி இரைந்தால் யார் அவளைக் கேட்பார்கள்? எல்லோரும் கணினியைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியாது. அவள் படுத்த பிறகு உச்ச எல்லையைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பாள் என்று தெரியும்.

காலையில் பார்த்தால் விசிறி பழையபடி இரைந்தது. அடுத்த நாளும் அதே கதை. கணினி உறங்கி எழும்பியதும் நான் வைத்த எல்லையை ட்ரைவர் மறந்துவிடுகிறது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பகுதியை எழுதிய மகான் நானேதான். வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, கணினி எழும்பியதும் எல்லையை மறுபடி சிப்புக்குச் சொல்லும்படி ட்ரைவரைத் திருத்தினேன். சனிக்கிழமை, பெனிற்றாவின் தமக்கை செல்வமலர் அவளுக்குச் சேலை உடுத்திவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதை ஏற்றி, கணினியை உறங்கவைத்து எழுப்பினேன். எல்லை நின்றது. விசிறி மூச்சுக் காட்டவில்லை. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

செபமாலை முடிந்தது. பெனிற்றா திரையில் முன்பே எழுதி வைத்திருந்த மன்றாட்டுமாலையின் முதல் வரியைப் பார்த்தாள். குரல் வரவில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான செபம் என்பதால், பழக்கத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவள் குரல் வந்தது. இரண்டாவது வரியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. செல்வமலர் பொறுக்கமாட்டாமல், தங்கைக்கு உதவுவதாக நினைத்து, அடுத்த வரியைத் தானே சொல்லத் தொடங்கினாள்.

"நான் சொல்லுறன்," என்றது கணினி, நேரம் கழித்து.

செல்வமலர் நிறுத்தினாள். பெனிற்றாவின் கண்கள் என்னிடம் திரும்பின, பிறகு திரைக்குப் போயின. ஓர் எழுத்து, பிறகு இன்னோர் எழுத்து. அறை முழுவதும் காத்திருந்தது.

"வேகத்தை நீங்களே குறைச்சனீங்கள்?"

"ஓம்," என்றேன். "சத்தம் உம்மைக் குழப்பக்கூடாதெண்டு…"

"சத்தம் வரட்டும்."

அவள் காலடியில் முழந்தாளிட்டு உச்ச எல்லையைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். விசிறி இரைந்தது. அதற்கு மேலாக அவள் குரல், கலியாணம் கட்டிய காலத்துக் குரல், உடனுக்குடன் வந்தது. ஒரு வரி பிந்தவில்லை. விசிறியை யாரும் பார்த்தார்களோ தெரியாது, நான் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்து எல்லோரும் போன பிறகு, "கேக்காமல் செய்தது பிழை," என்றேன்.

"பிழைதான்," என்று உடனே பதில் வந்தது. "எனக்கு ஒரு பட்டன் போட்டுத் தாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் திரையில் இரண்டு பட்டன்கள் வைத்தேன்: வேகம், மெதுவு. எதைக் கண்ணால் தொட்டாலும் அவளே மாற்றும்வரை அது மாறாது என்றும் சொன்னேன். மத்தியானம் சாப்பிட்டு சோபாவில் சாய்ந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

விழித்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கணினி நின்றுவிட்டது, அவள் என்னைக் கூப்பிட முடியாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். எழும்பி ஓடினேன்.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மெதுவு பட்டன் பச்சையாக இருந்தது. பெனிற்றா ஓர் எழுத்தைப் பார்த்து, அது விழும்வரை காத்திருந்து, அடுத்த எழுத்தைப் பார்த்தாள். திரையில் இவ்வளவுதான் வந்திருந்தது:

"நல்லாக் குறட்டை விட்டனீங்கள். எழுப்ப மனம் வரேல்லை. அதாலை வேகத்தை நான்தான் குறைச்"

வேகத்தை ஏற்றவா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, மிச்ச எழுத்துகள் வரும்வரை இருந்தேன்.